இரண்டு பென்சில் புள்ளிகள்

எங்கள் பாலிகஞ்ச் வீட்டு அலமாரியின் உச்சியில் ஒரு கிளைடர் இருக்கிறது, சின்ன மாதிரி விமானம். ரிமோட்டில் பறப்பது, இன்ஜின் கிடையாது. அதன் இரண்டு இறக்கைகளுக்கு அடியிலும் பக்கத்துக்கொன்றாகப் பென்சில் புள்ளி. அங்கே விரல் வைத்துத் தூக்கினால் மூக்கு லேசாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கில் எடை சேர்க்க வேண்டும். காளிகாட் பக்கம் தூண்டில் கடையில் வாங்கிய ஈயக் குண்டுகளை மாமா அதற்கென்றே இனிப்புத் தயிர் வாங்கிய ஒரு மிஷ்டி தோய் மண்சட்டியில் போட்டு வைத்திருந்தார். மாமா என்றால் என் மாமனார்.

வங்கி அதிகாரியாக வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர், ஓய்வு பெற்றவர். நான் கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வங்காளம் வந்து இந்த வீட்டு மருமகளானவள். நாலு வருடம் எங்களுக்குள் "காபி ஆச்சா", "ஆச்சு" என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. அவருடைய கிளைடரை யாராவது கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் என் கணவர். மறுநாள் காலை பார்க்கிறேன், மாமா வலது கை விரலை ஒரு புள்ளியில் வைத்துக்கொண்டு, மறு இறக்கையைப் புத்தக அடுக்கின் மேல் நிறுத்தப் பார்க்கிறார். அது சரிந்துகொண்டே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. கேட்காமலேயே போய் மறு புள்ளியில் என் விரலை வைத்தேன்.

இரண்டு பேர் விரலில் ஒரு பொருள் நேராக நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. நான் மூச்சு விட்டால்கூட என் பக்கம் ஏறிவிடும். "நீ ஒசத்தறே. ஆஸ்தே, ஆஸ்தே," என்பார். மெதுவாக என்று சொல்ல அவருக்கு வங்காள மொழிதான் வரும். அரை மணி நேரம் குண்டு குண்டாகச் சேர்த்த பிறகுதான் பேட்டரியை மூக்குக்குள் வைக்கவே இல்லை என்று தெரிந்தது. வைத்ததும் மூக்கு மேஜையில் போய் முட்டியது. நோய் வந்தபின் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் அவருக்கு வேண்டியது நிறுத்துவதல்ல, தானே ஓட்டுவது. ரிமோட்டில் திருப்புவதற்கு இடது குச்சி, ஏற்றி இறக்க வலது குச்சி. எல்லாவற்றையும் வலது பக்கமே மாற்றிவிடலாமே என்றேன். முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு நாள் காபிப் பேச்சும் நின்றது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கெடுத்துவிட்டேன் என்று நொந்துகொண்டேன். மூன்றாம் நாள் ரிமோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"மாத்திக் குடும்மா."

ஊர் விளிம்பில் ஒரு கால்பந்து மைதானத்தில் நான் எறிந்தேன். முதல் தடவை மூக்கைத் தூக்கிப் போய், நின்று, தொப்பென்று விழுந்தது. ஒரு குண்டு சேர்த்தோம். அடுத்த தடவை வழுக்கிக்கொண்டு போயிற்று. அவருடைய வலது கட்டைவிரல் அசைய, மெல்லத் திரும்பி எங்களை நோக்கியே வந்தது. அவர் அழுதார். நானும்தான்.

மாமா போன வருடம் காலமானார். சென்ற ஞாயிறு கிளைடரைக் கீழே இறக்கினேன். எனக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒரு புள்ளியில் மட்டும் விரலை வைத்துக் கணவரைக் கூப்பிட்டேன். கொடுத்துவிடலாம் என்றவர் தயங்கித் தயங்கி வந்து மறு புள்ளியில் விரல் வைத்தார். அவர் பக்கம் ஏறியது.

"ஒசத்தறீங்க," என்றேன். "ஆஸ்தே, ஆஸ்தே."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரலை மட்டும் எடுக்கவில்லை.