எடுக்கிறவள் நான், கொடுக்கிறவள் ஜமீலா

அடுத்தவர் ஏற்றி வைத்ததை எடுத்துப் போடுவதுதான் என் தொழில். இதற்குச் சம்பளமும் உண்டு, ஏச்சும் உண்டு, ஏச்சுக்கு மட்டும் லீவு கிடையாது.

கங்கைகொண்டானில் இருக்கிற எங்கள் கம்பெனியில் யார் வேண்டுமானாலும் வீடியோ, பாட்டு, பிடிஎஃப் என்று ஏற்றி வைத்துக்கொண்டு, லிங்க்கை மற்றவர்களுக்கு அனுப்பலாம். அதில் அடுத்தவர் சரக்கு இருந்தால் உரிமைக்காரர் புகார் கொடுப்பார். உடனே எடுத்துவிட்டால் கம்பெனி தப்பித்தது. தெரிந்தும் வைத்திருந்தால் கம்பெனியும் சேர்ந்து கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அதனால் முதலில் எடுப்பது, பேச்சு அப்புறம். எடுக்கிற மேசை என்னுடையது. ‘தப்பாக எடுத்துவிட்டீர்கள்’ என்று வருகிறவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிற மேசை ஜமீலாவுடையது. காயல்பட்டினத்துப் பெண். ஒரே நாளில் சேர்ந்தோம், ஒரே பஸ், ஒரே சம்பளம். திட்டு எனக்கு, வாழ்த்தும் துஆவும் அவளுக்கு. கஸ்டமர் போனை எடுத்துப் பிழைக்கிற என் இனத்தாருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தேயிலைப் பொட்டலம்

மாஞ்சோலை எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவர், குடும்பத்தோடு கீழே வந்துவிடும் முன்பு தன் லயன் வீட்டையும் தெருவையும் செல்போனில் படம் பிடித்து, பின்னணியில் சினிமாப் பாட்டு ஒன்றை ஓடவிட்டு ஏற்றியிருந்தார். பாட்டுக் கம்பெனி புகார் கொடுத்தது. எடுத்தேன். “மலையிலேருந்துதான் எறங்கி வந்தோம், இப்போ இங்கேருந்தும் எறக்கிட்டியளே” என்றார் போனில். போனை ஜமீலாவுக்கு மாற்றிவிட்டேன்.

அவள் பாட்டை நீக்கிவிட்டு அவரையே பேசி ஏற்றச் சொன்னாள். எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று அவர் பைய ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிற அந்த வீடியோ முன்னதைவிட நன்றாகவே இருந்தது. அடுத்த வாரம் ஜமீலா பெயருக்குத் தேயிலைப் பொட்டலம் வந்தது. வந்து சேர்ந்ததா என்று கேட்க அவர் கூப்பிட்டபோது போனை எடுத்தது நான். “யாரு, எடுக்குற பொண்ணா? போனை அந்தக் குடுக்குற பொண்ணுட்ட குடுங்க.”

மணப்பெண் பெயரில் ஒரு படம்

சவூதியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு மகள் கல்யாணத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. வீட்டில் கல்யாண வீடியோவை மகள் பெயரிலேயே ஏற்றி லிங்க் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெயரில் அப்போது ஒரு சினிமா வந்திருந்தது. படக் கம்பெனியின் மெஷின் பெயரை மட்டும் பார்த்துப் புகார் அனுப்ப, நானும் எடுத்துவிட்டேன். புகார் முறையாக வந்தால் திறந்து பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே, மாப்பிள்ளை வந்து இறங்குகிற இடத்தில், வீடியோ நின்றுபோனது.

ஜமீலா அவரை ‘மாமா’ என்று கூப்பிட்டுப் பேசி, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீடியோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர் அழுதது பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கே கேட்டது. அவளுக்கும் அவள் உம்மா வாப்பாவுக்கும் சேர்த்து துஆ செய்தார். எனக்கும் இரண்டாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள். எங்களுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்றேன். “எடுத்தவங்களுக்குப் புள்ள இருக்கான்னு கோவமாக் கேட்டாரு, நான் இல்லன்னு சொல்லிட்டேன்.”

திருட்டுப் போகாத நோட்ஸ்

பாளையங்கோட்டையில் அரசுத் தேர்வுக்குப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர், தன் நோட்ஸை யாராவது திருடி ஏற்றியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார். தேடினேன். ஒன்றும் இல்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். எதிர்த்தெருவில் பாடம் நடத்துகிறவருடையது இருக்கிறதா என்றார். அதை நான் எடுக்க எடுக்க யாராவது ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

நான் எடுத்த போன்களிலேயே, பேசினவரின் மனசு எனக்கு அப்படியே புரிந்தது அந்த ஒன்றில்தான். “அப்படி அவன் என்னத்தத்தான் எழுதுதான், நீங்க படிச்சுப் பாத்தியளா?”

அவள் மேசையில் ஒரு வாரம்

அண்ணன் கல்யாணத்துக்கு ஜமீலா லீவு போட்டாள். அவள் மேசையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வாழ்த்து வாங்குகிற ஆசை, வேறென்ன.

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அவள் கணவன் புதுப் படங்களை ஏற்றிக்கொண்டே இருந்த ஆள். திரும்பத் திரும்பப் புகார் வருகிற கணக்கை மூடியாக வேண்டும், இல்லையென்றால் கம்பெனி மாட்டும். மூடியதும் நான்தான். முறையிடக் கொடுத்த கெடுவும் முடிந்து உள்ளே இருந்த எல்லாமே அழிந்துவிட்டது. அவர்கள் பையன் முதன்முதலாக நடந்த வீடியோவும் அதில்தான் இருந்திருக்கிறது. “படத்த ஏத்துனது அவரு. எம்புள்ள நடந்தத எதுக்கு அழிச்சிய?” என்றாள். விதியைச் சொன்னேன். திரும்பி வராது என்றேன். பேசி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வைப்பதற்கு முன் அவள் கேட்டாள்: “முன்னால ஒருக்கா எங்கிட்ட பேசுன காயல்பட்டினத்துப் பொண்ணு எப்போ வருவா?”

ஜமீலா பேசியது

ஜமீலா வந்ததும் இதைச் சொன்னேன். அவளாலும் முடியாது என்பதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்தி இருந்தது, மறைப்பானேன். அவளும் தேடிப் பார்த்தாள், ஒன்றும் மிச்சமில்லை. உடனே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். என்னைவிடத் தெளிவாக, “வராதும்மா, அழிஞ்சுட்டு” என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. பையன் பேர் என்ன, எங்கன வச்சு நடந்தான், பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனாள். நடந்த அன்றைக்கே நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் ஏதோ அனுப்பிய ஞாபகம் அந்தப் பெண்ணுக்கு வந்தது. சாயங்காலம் நாத்தனார் போனில் கிடைத்துவிட்டது. பையன் நடந்து வந்து தொப்பென்று உட்காருகிற வரைக்கும் இருந்ததாம்.

உனக்கென்ன, உன்னிடம் வருகிறவர்கள் எல்லாம் சந்தோஷமாகப் போகிறார்கள் என்றேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டுச் சொன்னாள்: “ஏட்டி, நானும் பாதிப் பேருட்ட முடியாதுன்னுதான் சொல்லுதேன், நீ ஹெட்போன் மாட்டியிருக்கதுனால உனக்குக் கேக்கல.”

ஜமீலா வேறு பிரிவுக்குப் போனால் அந்த மேசை எனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். பொறாமை அப்படியேதான் இருக்கிறது, மேசை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.