எட்டு மணிக்குத் திறக்காத கதவு: கிழக்கு டெக்சாஸிலிருந்து ஹூஸ்டனுக்கு

1999 ஏப்ரலில் போன பயணம் இது. சுற்றுலா இல்லை. ஐரோப்பாவில் ஐந்து பல்கலைக்கழகங்கள் கூட்டணியாகச் சேர்ந்து பொது ஆய்வு மையங்கள் அமைக்கத் திட்டமிட்டிருந்தன. விலை உயர்ந்த கருவிகளை எல்லா ஊரும் தனித்தனியாக வாங்குவதற்குப் பதில், ஓர் ஊரில் காந்தக் கருவி, இன்னோர் ஊரில் நுண்ணோக்கி என்று வைத்து, ஐந்து ஊர்க்காரர்களும் பயன்படுத்துவது என்பது யோசனை. அமெரிக்காவில் ஏற்கெனவே அப்படி நடக்கும் மையங்களைப் பார்த்து அறிக்கை தர மூன்று பேரை அனுப்பினார்கள். நியூ ஜெர்சியில் ஒரு பல்கலைக்கழகத்தின் என்.எம்.ஆர். கூடத்தை நான் நடத்துகிறேன். மூலக்கூறின் வடிவத்தைக் காட்டும் பெரிய காந்தம் அது. அந்த அனுபவத்துக்காக என்னையும் குழுவில் சேர்த்திருந்தார்கள்.

முதலில் கலிஃபோர்னியா போனோம். குபெர்டினோவில் தோழி வீட்டில் தங்கி, அங்கிருந்து அரை மணி நேரத் தொலைவிலிருந்த மையத்துக்குப் போய்வந்தேன். பளபளப்பான கட்டடம். நாங்கள் விசாரித்தவர்கள் எல்லோரும் "ரொம்ப நன்றாக நடக்கிறது" என்றார்கள். திரும்பும் விமானத்தில்தான் உறைத்தது: நாங்கள் கேட்டவர்கள் அனைவரும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வேலை பார்ப்பவர்கள்.

அடுத்தது ஹூஸ்டன். மூன்று கல்லூரிகள் பகிர்ந்துகொள்ளும் மையம். இம்முறை மிகத் தொலைவிலிருந்து வருபவர் வரும் வழியிலேயே நானும் வருகிறேன் என்று குழுத் தலைவரிடம் சொன்னேன். பெல்ஜியத்துக்காரர், நல்ல மனிதர். "உங்கள் முதுகு, உங்கள் விருப்பம்" என்று சிரித்தார். அப்படித் தொலைவிலிருந்து வருபவர் மாலதி. கிழக்கு டெக்சாஸில் பைன் காடுகளுக்கு நடுவே, அந்த மூன்றில் ஒன்றான ஒரு சின்னக் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர். சொந்த ஊர் கோபிச்செட்டிப்பாளையம். தொலைபேசியில் மையம் எப்படி என்று கேட்டபோது, "எல்லாம் நல்லா இருக்குதுங்க. ரொம்ப ஹெல்ப் பண்றாங்க" என்றுதான் சொன்னாள். "வரும்போது கறிவேப்பிலை மட்டும் வாங்கிட்டு வர முடியுங்களா? இங்க கிடைக்காது" என்றும் கேட்டாள்.

நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு விமானம் நான்கு மணி நேரம்; போக வர 260 டாலர். வாடகைக் கார் நாளுக்கு 34 டாலர். கறிவேப்பிலைக்காக, இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்ட் தெரு வரை போய்த் திரும்பியது வீண் சுற்றுதான், ஆனால் அங்கே சாப்பிட்ட மசால் தோசைக்காக மன்னித்துவிடலாம். பிறகு 59ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 140 மைல். மரம் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததில் இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது.

மாலதியின் அடுக்ககத்தில் கதவைத் திறந்தது அவள் மகள் நிலா. ஆறு வயது. அப்பா எங்கே என்று தமிழில் கேட்டேன். "மை டாட் லிவ்ஸ் இன் தி ஃபோன்" என்றாள்.

"வாயப் பாருங்க்கா" என்று மாலதி உள்ளேயிருந்து வந்தாள். கணவருக்கு டாலஸ் பக்கம் காப்பெலில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று மணி நேர டிரைவ் என்பதால் வார இறுதியில்தான் வருவார்.

இரவுச் சாப்பாட்டின்போது மாலதி தன் நிலையைச் சொன்னாள். அந்த ஆண்டுக் கடைசியில் கல்லூரி அவள் வேலையை நீட்டிப்பதா என்று முடிவு செய்யும். அதற்கு ஒரு கட்டுரை வெளியாக வேண்டும். கட்டுரையைப் படித்த நிபுணர்கள், பெரிய காந்தத்தில் எடுத்த முழு அளவீடு ஒன்று வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் ஆராய்வது ஒரு புரதம். உறைய வைத்தால் சிதைந்துவிடும். பனிக்கட்டியில் வைத்தாலும் தயாரித்த மறுநாள் நண்பகலுக்குள் பால் திரிவதுபோல் திரிந்துவிடும். அளவீட்டுக்கு மூன்று மணி நேரமாவது தொடர்ச்சியாக வேண்டும். வெளிக் கல்லூரிகளுக்கு மையம் ஒதுக்கிய நேரம் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை. கணக்குப்படி தாராளம்.

"அப்புறம் ஏன் இன்னும் முடியலை?" என்றேன்.

"நாளைக்கு வர்றீங்கல்லங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு நிலாவைத் தூக்கத்தோடு பக்கத்து வீட்டு அம்மாளிடம் விட்டுவிட்டு, என் வாடகைக் காரை அங்கேயே நிறுத்திவிட்டு மாலதியின் பழைய டொயோட்டாவில் கிளம்பினோம். பின்னிருக்கையில் நிலாவின் சீட்டில் பனிப்பெட்டி, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே பேனாவைவிட மெல்லிய ஒரு கண்ணாடிக் குழாய்.

"இவன் ஒருத்தன்தான் என் வண்டில சத்தம் போடாம வருவான்" என்றாள்.

"கொஞ்சம் வேகமாப் போகலாமே?"

"குலுங்கினா நுரைச்சுக்குவான்க்கா. அறுபதுக்கு மேல நான் போனதே இல்லை. லாரிக்காரங்க ஹார்ன் அடிச்சுத் திட்டுவாங்க. நானும் தமிழ்ல திட்டிக்குவேன்."

ஏழே முக்காலுக்கு மையத்தின் வாசலில் நின்றோம். கண்ணாடிக் கதவு. உள்ளே விளக்கு எரிந்தது. காவலாளி எங்களைப் பார்த்துக் கையசைத்தார். மாலதியும் அசைத்தாள். கதவு திறக்கவில்லை. அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள், பழகிய இடம்போல.

வெளியாட்கள் ஒவ்வொரு முறையும் பார்வையாளர் அட்டை வாங்க வேண்டும். அட்டை தரும் அலுவலகம் வேறு கட்டடத்தில். ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அட்டை வாங்கினாலும் தனியாக உள்ளே போகக்கூடாது, மையத்து மாணவர் ஒருவர் வந்து கூட்டிப்போக வேண்டும். அவர் வகுப்பு முடித்து வரப் பத்து மணி. ஒப்பந்தத்தில் எட்டு முதல் பன்னிரண்டு என்று மூன்று கல்லூரிகளும் கையெழுத்துப் போட்டிருந்தன. அட்டை விதியைப் போட்டது பாதுகாப்புத் துறை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் யாருமில்லை.

"எப்பவுமே இப்படித்தானா?"

"மூணு தடவையும் இப்படித்தானுங்க. ரெண்டு மணி நேரம் ஓடும். அப்புறம் அடுத்த ஆள் வந்துருவாங்க."

"ஃபோன்ல நல்லா இருக்குன்னு சொன்னியே மாலதி!"

அவள் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது. "வேற என்ன சொல்றதுங்க்கா? நாங்க சின்ன காலேஜ். அவங்க மெஷின். என் விசாவும் எங்க காலேஜ் குடுக்கற வேலையிலதான் நிக்குது. குறை சொல்றாங்கன்னு அந்த நாலு மணி நேரத்தையும் எடுத்துட்டா?"

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னிடம் யார் எதைக் கேட்டாலும் நானும் "ஃபைன்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

மையத்தின் மேலாளரை எனக்குத் தெரியும். டாக்டர் அருள்ராஜா, யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்குபவர். தெருமுனைப் பொதுத் தொலைபேசியிலிருந்து அவரை அழைத்தேன். எடுக்கவில்லை. பிறகுதான் நினைவு வந்தது, அவர் என் குழுவினரோடு ஹோட்டலில் காலை உணவில் இருந்தார். மையத்தை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று பேசத்தான் அந்தச் சந்திப்பு.

பத்தேகாலுக்குக் குழாய் காந்தத்துக்குள் இறங்கியது. சற்று நேரத்தில் அருள்ராஜாவும் என் குழுவினரும் வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு எங்களுக்காக ஒரு செயல்விளக்கம் ஏற்பாடாகியிருந்தது. நடந்ததை அருள்ராஜாவிடம் சொல்லி, அந்த நேரத்தை மாலதிக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் என் குழுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் தோளைக் குலுக்கிச் சம்மதித்தார்.

முதல் ஒரு மணி நேரம் திரையில் புரதத்தின் அளவீட்டுச் சிகரங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. மாலதி நின்றுகொண்டே பார்த்தாள். பதினொன்றரைக்கு அவை தணியத் தொடங்கின. பன்னிரண்டுக்குள் பாதி மறைந்துவிட்டன. குழாயை வெளியே எடுத்தபோது உள்ளே வெள்ளையாகக் கலங்கியிருந்தது. எங்களுக்கு ஒதுக்கிய நேரம் முழுவதும் அதன்பின் சும்மா கிடந்தது.

"ஏன் பிள்ளை, ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லை?" என்றார் அருள்ராஜா. "நான் பின்கதவால கார்டு போட்டு வாறனான். இது எனக்குத் தெரியவே தெரியாது. அடுத்த முறை நீர் வாற நாள் சொல்லும். நானே வாசல்ல வந்து நிற்பன்."

மாலதி குழாயைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "நீங்க வந்து நிக்க வேண்டாங்க, அங்கிள். உங்களுக்கு ஒருநாள் காய்ச்சல் வரும், ஒருநாள் ஊருக்குப் போவீங்க. எனக்கு ஒரு கார்டு குடுங்க, போதும்."

மையத்து நிர்வாகிகளோடு எங்கள் குழுவுக்கு இருந்த இரண்டு மணிக் கூட்டத்திலும் இதையே ஆங்கிலத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னாள். பரிசீலிப்போம் என்றார்கள். திரும்பும் வழியில் அவள் அழவில்லை, லாரிக்காரர்களைத் திட்டவும் இல்லை.

அந்த வழியில் போகிறவர்களுக்கு: 59இல் பெட்ரோலைப் பாதி வழியிலேயே போட்டுக்கொள்ளுங்கள், பிறகு வெகுதூரத்துக்கு எதுவும் இல்லை. சைவர்கள் கையில் சாப்பாடு கொண்டுபோவது நல்லது. ஹூஸ்டனுக்குள் காலை ஏழு மணிக்கு மேல் நுழைந்தால் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொது மையம் பார்க்கப் போகிறவர்களுக்கு: கருவியைக் கடைசியில் பாருங்கள். மிகத் தொலைவிலிருந்து வருபவரோடு, அவர் வண்டியிலேயே வாருங்கள். "நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் நம்பாதீர்கள். கேட்பது நீங்கள், இழக்கப்போவது அவர். ஐரோப்பியக் கூட்டணிக்கான எங்கள் அறிக்கையில் முதல் பரிந்துரை காந்தத்தைப் பற்றியது அல்ல. உறுப்புக் கல்லூரி எதுவாக இருந்தாலும் அங்கிருந்து வருபவரின் அட்டை, மையத்துக்காரர்களுக்குத் திறக்கும் எல்லாக் கதவுகளையும் அதே நேரத்தில் திறக்க வேண்டும் என்பது. குழுத் தலைவர் அதில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

ஹூஸ்டனில் பரிசீலித்து முடிக்க எட்டு மாதம் ஆனது; அதுவரை பழைய விதிதான், அளவீடும் முடியவில்லை. அதற்குள் மாலதியின் கல்லூரி முடிவெடுத்துவிட்டது. வேலை நீட்டிக்கப்படவில்லை. இப்போது கணவரின் விசாவைச் சார்ந்து காப்பெலில் இருக்கிறாள். அந்த விசாவில் வேலை பார்க்க அனுமதியில்லை. சென்ற மாதம் டாலஸுக்குப் போனபோது அவள் வீட்டுக்கும் போனேன். ஐரோப்பாவில் முதல் மையம் திறந்துவிட்டதைச் சொன்னேன்.

"கார்டு குடுத்தாங்களாக்கா?"

"எல்லாருக்கும் குடுத்திருக்காங்க."

"காலையில எத்தனை மணிக்குத் திறக்குது?"

"பூட்டறதே இல்லையாம். கார்டு போட்டா எப்ப வேணாலும் திறக்கும்."

அவள், அங்கே மிகத் தொலைவிலிருந்து வருபவர் எந்த ஊர், எத்தனை மைல், ரயிலா காரா, வழியில் குலுங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.