மச்சான் வாங்கிய மெஷின்

உயிரோடு இருந்தவரை அவர் பொறாமைப்பட்டது ஒரே ஆளைப் பார்த்துத்தான்: மனைவியின் அண்ணன். மற்றபடி, எதிர்க்கடையில் கூட்டம் அள்ளினாலும் ஏறிட்டுப் பார்க்காத மனிதர்.

அவருடையது மூக்குக்கண்ணாடிக் கடை. வீட்டுக்கு வந்துவிட்டால் சர்க்யூட் போர்டும் சால்டரிங் புகையுமாகச் சாப்பாட்டு மேஜையில் பாதி அவருக்கு. மைத்துனருக்கும் அதே பைத்தியம்தான். ஆனால் மைத்துனர் ஒரு சின்ன ஸ்டாண்டு ட்ரில் வாங்கிவிட்டார். அவர் போர்டில் துளைகள் நூல் பிடித்தாற்போல நின்றன. இவரோ கையாலேயே திருகித் துளைத்து, மாதம் நாலு ட்ரில் பிட்டை முறிப்பவர்.

மாமியாருக்குக் காது மந்தமாகிவிட்டது. வாசல் மணியை அழுத்தினால் அவர் அறையில் விளக்கு மின்னும்படி ஒன்று செய்ய வேண்டும்.

"அண்ணன்கிட்ட சொல்லிடட்டுமா? அவர் போடுற ஓட்டையெல்லாம் எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள் மனைவி.

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. மெஷின்தான் இல்ல."

சுருக்கென்றது. மறுநாளே கருவிகள் விற்கும் கடைக்குப் போனார். சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் பஞ்சில் குத்திவைத்த, ஊசி போன்ற பிட். தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. போர்டில் துளை போட அதுதான் வேண்டும்.

கைக்கு எட்டும் விலையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. சிறியதில் பிட்டை மாட்டிச் சுழலவிட்டார். நுனி துளியும் ஆடவில்லை. அதன் தலையை ஆசையாகத் தடவினார்.

"நல்லதாத்தான் பாத்திருக்கீங்க சார். போன மாசம் உங்க மச்சான்கூட இதத்தான் எடுத்துட்டுப் போனார்," என்றார் கடைக்காரர்.

சூடு பட்டதுபோல் கை விலகியது.

"அந்தப் பெருச எடுங்க."

"அது கனமான வேலைக்கு சார். எதுக்கும் பிட்ட மாட்டிப் பாத்துடுங்க."

"பாக்க என்ன இருக்கு?"

தன் கடையில் ஃபிரேமைப் போட்டுப் பார்க்காமல் ஒருவரையும் வெளியே விடாதவர், பிட்டைத் தீப்பெட்டிக்குள் வைத்து மூடினார்.

வீட்டில் மேஜை அதிர அதை இறக்கினார். பிட்டைக் கவ்வும் சக்கில் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். பிட் நழுவிக் கீழே விழுந்தது. சக்கின் மூன்று தாடைகளும் ஒட்டிக்கொண்ட பிறகும் நடுவில் இடைவெளி இருந்தது. பிட்டின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றிச் செருகிப் பார்த்தார். தள்ளாடிச் சுழன்று, டக்கென்று முறிந்தது.

"கடப்பாறைய வச்சுக் காது குத்தப் பாக்குறீங்க," என்றாள் மனைவி.

மூன்று நாள் வீம்பாக இருந்தார். வீட்டில் தனியாக இருந்த மாமியாருக்கு மருந்து கொண்டுவந்த ஆள், மணியடித்து மணியடித்துத் திரும்பிப் போனான் என்று கேள்விப்பட்டதும், போர்டை எடுத்துக்கொண்டு மைத்துனர் வீட்டுப் படியேறினார்.

மைத்துனர் போர்டை ஒரு பார்வை பார்த்தார். மெஷின் மேலிருந்த துணியை விலக்கினார்.

"குடுங்க மாப்ளே, நான் போட்டுத் தர்றேன்."

"வேணாம் மச்சான். நீங்க லைட்ட மட்டும் பிடிங்க. கைப்பிடிய நான்தான் இழுப்பேன்."

முப்பத்தாறு துளைகள். ஒன்றுகூட விலகவில்லை. அதுவே வயிற்றெரிச்சலாக இருந்தது.

விளக்கு மின்னியபோது மாமியார் கைதட்டிச் சிரித்தார். "நீயாடா செஞ்ச?" என்று மகனைக் கேட்டார்.

"நான் இல்லம்மா. எல்லாம் மாப்பிள்ளைதான்!" என்று அவர் காதருகே கத்தினார் மைத்துனர்.

மனைவி பெருமையோடு திரும்பிப் பார்த்தாள். இவரை அல்ல, அண்ணனை.