அகஸ்டினா கொடுத்த அலுமினிய பாடி

உழவர்கரையில் லேப்டாப் பழுது பார்க்கும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் மூடி பெயர்ந்துவிட்டது, மூலை நொறுங்கிவிட்டது என்று யாராவது வந்தால், அந்தக் கடைக்காரர்களே "அகஸ்டினா கடைக்குப் போங்க" என்று கை காட்டிவிடுவார்கள். போர்டு வேலை, சாப்ட்வேர் வேலை எல்லாம் அவர்களுக்கு. பாடி வேலை அகஸ்டினாவுக்கு.

இதை யாராவது கடை வாசலில் நின்று சொன்னால், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சிந்தியாவுக்கு முகம் மலர்ந்துவிடும். சிந்தியா அகஸ்டினாவின் அக்கா. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். தங்கை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். படிப்பு முடிந்ததும் பிளாஸ்டிக் வாளியும் டிபன் டப்பாவும் வார்க்கும் கம்பெனியில் சரக்கைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. எந்தப் பிளாஸ்டிக் வளையும், எது வளையாமல் உடையும், எது வெயில் பட்டால் மொறுமொறுத்துப் போகும் என்பதெல்லாம் அங்கே அவள் விரலுக்குப் பழகிவிட்டது. கம்பெனியை மூடிய பிறகுதான் அக்காளும் தங்கையும் சேர்ந்து இந்தக் கடையைப் போட்டார்கள்.

ஒரு லேப்டாப் கைக்கு வந்தால் அகஸ்டினா முதலில் சுவிட்சைப் போட மாட்டாள். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிக் காதருகே வைத்துக்கொள்வாள். நல்ல பாடி சத்தம் போடாது. மட்டமானது பழைய கட்டில் மாதிரி முனகும். பிறகு கீபோர்டின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். கடைசியாக மூடியை ஒரே விரலால் திறப்பாள். கீல் இறுகிக் கிடந்தால், மூடியைத் திறக்கத் திறக்க அது தன்னைத் தாங்கியிருக்கும் பிளாஸ்டிக்கையே கிழித்துவிடும். வருகிற பழுதுகளில் பாதி அதுதான். உடைந்த இடத்தில் பசை வைத்து ஒட்டுவது எல்லாருக்கும் தெரியும். கீலைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஒட்டினால்தான் அது நிற்கும் என்பதில் அகஸ்டினா பிடிவாதமாக இருப்பாள்.

கழற்றிய ஸ்க்ரூக்கள் சிந்தியாவின் பொறுப்பு. தெர்மாகோலில் லேப்டாப்பின் அடிப்பாகம் மாதிரி படம் வரைந்து, எந்த ஓட்டையில் இருந்து எது வந்ததோ அங்கேயே குத்தி வைப்பாள். நீள ஸ்க்ரூ குட்டை ஓட்டைக்குள் போனால் மேல்பக்கம் கொப்புளம் கிளம்பிவிடும். ஒருமுறை கீழே விழுந்த ஸ்க்ரூ ஒன்று வாடிக்கையாளர் காலில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றக் கூடாது என்று சிந்தியா சட்டம் போட்டுவிட்டாள். பழக்க தோஷத்தில் வாசலில் கழற்றுகிறவர்களை, "மாட்டிக்கினே வாங்க, மாட்டிக்கினே வாங்க" என்று கூப்பிடுவாள்.

பூர்ணிமா கருவடிக்குப்பத்துப் பெண். அப்பா பெயர் பாவாடை. விவசாயி. கிராமத்தில் நிலமும் டவுனில் வீடுமாக இருப்பவர். பூர்ணிமா பள்ளிக்கூடத்திலிருந்தே பிரெஞ்சு எடுத்துப் படித்தவள். பிரான்சு வாடிக்கையாளர்களின் புகார்களுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதும் வேலை ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. லேப்டாப் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். அவளிடம் இருந்த பிளாஸ்டிக் லேப்டாப்பை அகஸ்டினா ஏற்கெனவே ஒட்டிக் கொடுத்திருந்தாள். மறுபடி அது வந்தபோது உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுல பசை புடிக்க இடமே இல்ல பூர்ணிமா. பாடியே பிஸ்கட்டு மாதிரி ஆயிடுச்சு. தொட்டா உதுருது."

"திங்கக்கெழம வேலைல சேரணும்க்கா."

கடையில் சுத்தம் செய்து வைத்திருந்த பழைய அலுமினிய பாடி லேப்டாப்பை அகஸ்டினா எடுத்துக் கொடுத்தாள். மூலையைப் பிடித்துத் தூக்கினாலும் சத்தமில்லை. ஒரு விரலில் மூடி திறந்தது. "இத எடுத்துக்கினு போ. நீ கெழவி ஆவுற வரைக்கும் பாடி இருக்கும்" என்றாள்.

மறுநாளே பாவாடை அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மகளோடு வந்துவிட்டார். கல்லா மேசையில் வைத்தார். வைத்த வேகத்தில் கையை எடுத்துக்கொண்டார்.

"ஏம்மா, மெஷினு குடுத்தியா, கரண்டு குடுத்தியா? தொட்டா ஜிவ்வுனு இழுக்குது."

அகஸ்டினா அதைத் தன் மேசைக்குக் கொண்டுபோய் சார்ஜரைச் செருகினாள். மூடியை, அடியை, ஓரத்தை உள்ளங்கையால் தடவினாள். ஒன்றுமில்லை. பாவாடையையும் தொடச் சொன்னாள். அவர் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு விரல் நுனியால் தொட்டார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"பாத்தீங்களா ஐயா? ஒண்ணுமில்ல. இரும்பு மாதிரி ஜில்லுனு இருக்குதில்ல, அத ஷாக்குனு நெனச்சிக்கினீங்க."

"நெனப்பா?" என்றார் பாவாடை. சத்தம் போடவில்லை. "என் தம்பி மோட்டார் கொட்டாய்ல கரண்டு புடிச்சி செத்தான். தூக்குனது நான்தான். எது கரண்டு, எது ஜில்லுனு எனக்குத் தெரியாதா?"

அகஸ்டினா சார்ஜரைப் பிடுங்கி ஒயரைச் சுற்றி வைத்தாள்.

"வூட்டுக்குக் கொண்டும்போய்ப் போட்டுப் பாரு. திரும்ப இழுத்துச்சு, இந்த மெஷினும் வாணாம், அந்த வேலையும் வாணாம். என் வூட்ல இன்னொரு சாவு ஆவாது" என்று மகளிடம் சொல்லிவிட்டு, லேப்டாப்பை அவள் கையில் கொடுத்து வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பூர்ணிமா போன் செய்தாள். "மறுபடியும் இழுக்குதுக்கா. அப்பா மெஷின எடுத்து அலமாரில வெச்சிப் பூட்டிட்டாரு. வேலைக்கு வரலன்னு அவங்களுக்கு நானே சொல்லிடணுமாம்." அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவது ஸ்பீக்கரில் கேட்டது.

அகஸ்டினா போனை வைத்துவிட்டு விரல் நகத்தைக் கடித்தாள். "கடையில இழுக்கல. வூட்ல இழுக்குது. ஒரே மெஷினு, ஒரே சார்ஜரு. என்னாக்கா இது?"

"இங்க குந்திக்கினு யோசிச்சா என்னாத்த தெரியும்? கெளம்பு, போயிப் பாக்கலாம்" என்றாள் சிந்தியா. ஷட்டரை இழுத்துப் பூட்டினாள்.

கருவடிக்குப்பத்தில் பாவாடை வீட்டு வாசலில் இருவரும் வண்டியை நிறுத்தினார்கள். எந்த வீட்டிலும் செய்வதுபோல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். மொசைக் தரை அப்போதுதான் துடைத்து ஈரமாக இருந்தது. அகஸ்டினா கெஞ்சிக் கேட்டதும் பாவாடை அலமாரியைத் திறந்தார். பூர்ணிமா சார்ஜரைச் செருகினாள். அகஸ்டினா மூடியில் விரலை வைத்தாள். வைத்த விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அய்யோ, ஆமாக்கா!"

"சொன்னா நம்புனியா?" என்றார் பாவாடை.

சிந்தியா தானும் தொட்டுப் பார்த்தாள். எறும்பு ஊர்கிற மாதிரி விரலில் ஏதோ ஓடியது. குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். ஈரத் தரையில் வெறுங்கால். கடையில் அவள் போட்ட சட்டம் அப்போதுதான் அவள் புத்தியில் உறைத்தது.

"அகஸ்டி, கடையில யாரும் வெறுங்கால்ல நிக்கிறதில்லடி. நான் வுட்டாதான?"

அகஸ்டினா வாசலுக்கு ஓடி ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து தொட்டாள். ஒன்றும் தெரியவில்லை. கழற்றிவிட்டுத் தொட்டாள். ஜிவ்வென்றது.

"வூட்டுக்குள்ள செருப்போட வர பொண்ண இப்பதான் பாக்குறேன்" என்று பாவாடை முனகினார். ஆனாலும் கிட்ட வந்து நின்று பார்த்தார்.

அகஸ்டினா அவரை உட்காரவைத்து விளக்கினாள். இந்த சார்ஜர் பிளக்கில் ரெண்டு முள்தான், எர்த்து முள் இல்லை. அதிலிருந்து துளி கரண்டு பாடிக்குக் கசியும். பிளாஸ்டிக் பாடியில் அது வெளியே தெரியாது. அலுமினியம் அதை அப்படியே கைக்குக் கொண்டுவந்துவிடும். கால் தரையில் பட்டால் உடம்பு வழியாக இறங்கும். ஆளைக் கொல்லும் அளவு கரண்டு இல்லை அது. மூணு முள் சார்ஜர் போட்டு, பிளக்கில் எர்த்தும் இருந்துவிட்டால், அந்தக் கசிவு எர்த்து வழியாகவே போய்விடும், கைக்கு வராது.

பாவாடை எழுந்து போய் ஸ்க்ரூடிரைவரும் டெஸ்டரும் கொண்டுவந்தார். மெயினை அணைத்தார். பிளக் பெட்டியைத் தானே கழற்றினார். மேலே இருந்த பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை.

"தோ பாரு. கான்ட்ராக்டு எடுத்தவன் எர்த்தே இழுக்கல." அவர் குரல் மாறியிருந்தது. "மோட்டார் கொட்டாய்லயும் இதான் இல்ல. தம்பி போனப்புறம் நானே குழி தோண்டி எர்த்து போட்டேன். இந்த வூட்ல இருக்குதான்னு ஒருநாளும் தெறந்து பாக்கலியே."

அகஸ்டினா மெதுவாகச் சொன்னாள். "வாணாம்னா பிளாஸ்டிக் பாடியே ஒண்ணு தேடிக் குடுக்கிறேன் ஐயா."

"அத மாத்திட்டா ஆச்சா? ஃபிரிட்ஜு கீது, கிரைண்டரு கீது. அதயும் இவதான தொடுறா?"

மறுநாள் காலையிலேயே பின்கட்டில் கடப்பாறைச் சத்தம் கேட்டதாகப் பூர்ணிமா சொன்னாள். பாவாடை எர்த்துக்கு மார்பளவு குழி தோண்டியிருந்தார். அதில் கம்பியை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். வீட்டுக்குள் ஒயர் இழுக்க எலெக்ட்ரீஷியன் வந்தபோது, அவன் பின்னாலேயே நின்று ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். அகஸ்டினா மூணு முள் சார்ஜர் ஒன்றைத் தேடிப் பிடித்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை, பூர்ணிமா அழைத்ததன் பேரில் அக்காளும் தங்கையும் அங்கே இருந்தார்கள். லேப்டாப் மேசைமேல், வேலைக்கான சாட் பெட்டியோடு திறந்திருந்தது. சார்ஜர் பிளக்கில் இருந்தது. பூர்ணிமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் சார்ஜரைச் செருகியதிலிருந்து பாவாடை அவளைத் தொடவிடவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் கொட்டி, அதில் வெறுங்காலோடு நின்றுகொண்டார். டெஸ்டரை மூடியில் வைத்தார். விளக்கு எரியவில்லை. டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கை முழுவதையும் லேப்டாப்பின் மேல் பதித்தார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கை அப்படியே இருந்தது.

"இழுக்குதாப்பா?"

"இல்ல."

"அப்ப கைய எடுப்பா. என்னென்னமோ டைப் ஆவுது. அங்கேர்ந்து ஹலோ சொல்லிக்கினு இருக்காங்க."

பாவாடை கையை எடுத்தார். பூர்ணிமா அவர் அடித்ததையெல்லாம் அழித்துவிட்டு, பிரெஞ்சில் காலை வணக்கம் எழுத ஆரம்பித்தாள்.