குகைக்கு இரண்டாவது வாசல்

பட்டாசுக் கம்பெனியில் இருபத்தைந்து வருடம் போர்மேனாக இருந்தவனைக் கரீபியன் தீவுக்குக் கூட்டிப்போகக் கூடாது. போனாலும் குகைக்குள் விடக் கூடாது.

மகள் அங்கே ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறாள். எங்களைத் தேசியப் பூங்காவில் இறக்கிவிட்டு, "நாலு மணிக்கு கேட்டைப் பூட்டிருவாங்க, வந்துருங்கப்பா" என்று போனாள். பூங்கா என்றதும் நான் பூவை எதிர்பார்த்தேன். இருந்தது பாறை, கள்ளி, ஆடு, அப்புறம் நம்ம சீமைக்கருவேலம்.

"இதுக்கா பிளேன் ஏறுனோம்? காரியாபட்டி பஸ்ஸுல ஏறியிருந்தாப் போதுமே" என்றாள் மனைவி.

அங்கே ஒரு குன்றில் குகை இருந்தது. அதன் வாசலில் செருப்பைக் கழற்றி, அதன் மேல் போனை வைத்தேன். நாரணாபுரம் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையும்போது, தீப்பொறிக்குப் பயந்து செய்கிற பழக்கம். கை தானாகச் செய்தது. மனைவியும் அங்கே பத்து வருடம் சரவெடி பின்னியவள். அவளும் கழற்றினாள்.

ஒற்றை வாசல் உள்ளதை எங்கள் தொழிலில் அறை என்றே ஒத்துக்கொள்வதில்லை. தப்பி ஓட இன்னொன்று வேண்டும். எதிரே ஒரு பொந்தில் வெளிச்சம் தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "அந்தா, ரெண்டாவது வாசல்!" என்று அவளையும் இழுத்துக்கொண்டு ஊர்ந்தேன். வெளியே ஆள் உயரத்திலிருந்து சறுக்கி விழுந்தோம்.

சுற்றிலும் முள். திரும்ப மேலே ஏறப் பிடிமானம் இல்லை. செருப்பும் போனும் குன்றுக்கு அந்தப் பக்கம். அவளுக்குச் சர்க்கரை, போன வருடம் ஒரு கல் குத்தியதற்கே கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒன்பது.

கத்திப் பார்த்தேன். ஒரு ஆடு வந்தது. பார்த்துவிட்டுப் போனது.

"எம்புட்டு நேரம் நிப்பீக?"

"யோசிக்கிறேன்."

"யோசிச்சுத்தான இங்கன வந்து விழுந்து கெடக்கோம்!"

வெயில் இறங்கத் தொடங்கியது. மகள் காலையில் பேண்ட் போடச் சொல்லிக் கெஞ்சியிருந்தாள். நல்லவேளை, கேட்கவில்லை. வேட்டியை அவிழ்த்து, இரண்டாகக் கிழித்து, பல மடிப்பாக அவள் பாதங்களில் சுற்றினேன். பட்டாபட்டியோடு நான் முன்னால் நடந்தேன். ஒவ்வொரு முள்ளையும் என் கால் முதலில் கண்டுபிடித்தது. அவள் என் தடத்தில் மிதித்து வந்தாள்.

கேட்டைப் பூட்டவிடாமல் காவலாளியோடு மகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவர் சண்டையை மறந்து பட்டாபட்டியைப் பார்த்தார். மனைவி தரையில் உட்கார்ந்து வேட்டிக் கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொரு விரலாக நீவிப் பார்த்தாள்.

"ஒம்பதும் இருக்கு" என்றாள். "இப்ப ஒங்க காலைக் காட்டுங்க."