மஞ்சக்கோடு போட்ட பாறை வண்டி

போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் மெயின் கேட்டில் நடந்தது இது. இன்றைக்கும் அந்த கேட்டைத் தாண்டும்போது கை தானாகப் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

என் ஊர் சங்கரன்கோவில் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு இங்கே வந்து, வண்டிகளுக்கு ஆக்சில், அதாவது சக்கர அச்சு, கோர்க்கிற லைனில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். வடக்குப்பட்டில் வாடகை ரூம், கூட இரண்டு பெண்கள். அந்த ஆடியில் என் ட்ரெய்னிங் காலம் முடிகிற கட்டம். பெர்மனன்ட் ஆர்டர் வந்துவிடும் என்று சூப்பர்வைசரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். வராவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அம்மா ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அதனால் அந்த ஆர்டரை நான் சாமி பிரசாதம் மாதிரி எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ரிமோட்டில் ஓடுகிற வண்டிகளில் 'ராக் கிராலர்' என்று ஒரு வகை இருக்கிறது. வேகமாக ஓடாது. பாறை மேல் ஆமை மாதிரி தவழ்ந்து, வழுக்கி, மறுபடி பிடித்து ஏறும். இந்தப் பக்கம் ஒரு பழைய கல்குவாரியில் லீவு நாளில் சிலர் அதை ஓட்டுவதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. சேர்த்து வைத்து நானும் ஒன்று வாங்கினேன். இரண்டாவது வாரமே அதன் பிளாஸ்டிக் ஆக்சில் பாறையில் சிக்கி முறிந்தது. நாள் முழுக்க லாரி ஆக்சில் கோர்க்கிறவளுக்கு சாண் நீள ஆக்சில் செய்யத் தெரியாதா என்று ஒரு திமிர் வந்துவிட்டது.

திமிர் லேசில் இறங்கவில்லை. காயலான் கடையில் செத்துப்போன கை கிரைண்டர்களைத் தேடிப் பிடித்து, உள்ளே இருந்த பல்சக்கரங்களை எடுத்தேன். அலுமினியச் சதுரக் குழாயை அறுத்து ஆக்சிலுக்குக் கூடு செய்தேன். உள்ளே சுழலும் தண்டை மட்டும் படப்பையில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். முன்சக்கரம் திரும்புவதற்கான மூட்டுகளை ஆன்லைனில் வரவழைத்தேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து, ஹேக்சா பிளேடால் அலுமினியத் தகட்டை அறுத்து சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், செய்தேன். கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் இரண்டு முறை மேலே வந்துவிட்டார். எல்லாம் கோர்த்து முதல் தடவை ஆக்சிலேட்டரைக் கொடுத்தால், முன்சக்கரம் முன்னால் போகிறது, பின்சக்கரம் பின்னால் போகிறது! ஒரு ஆக்சிலில் பல்சக்கரத்தை இடது வலது மாற்றி வைத்திருக்கிறேன். ரூமில் இருந்த இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நீயெல்லாம் ஆக்சில் லைன்ல வேலை பாக்குறன்னு வெளியில சொல்லாத" என்றாள் ஒருத்தி.

கழற்றித் திருப்பிப் போட்டதும் வண்டி சரியானது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் லைனில் ஒரு பழக்கம். ஒவ்வொரு போல்ட்டையும் சரியான அளவுக்கு முறுக்கியதும், அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுக்க வேண்டும். முறுக்கியாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். பழகிய கை சும்மா இருக்குமா? ஸ்டேஷனரி கடையில் ஒரு மஞ்சள் மார்க்கர் வாங்கி, என் குட்டி வண்டியின் அத்தனை போல்ட்டிலும் கோடு இழுத்தேன். அழகாக இருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், லைன் பழக்கம் ரூம் வரைக்கும்.

அந்தச் சனிக்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட். சாயங்காலம் குவாரியில் கூடுவதாகப் பேச்சு. ரூமுக்குப் போய்த் திரும்பினால் நேரமாகும் என்று, ஆக்சில் மாட்டிய சேஸிஸை ஒரு டவலில் சுற்றிப் பையில் வைத்து வேலைக்கே எடுத்துப் போனேன். டயரும் பேட்டரியும் நண்பர் ஒருவரிடம் இருந்தன. கேட்டில் பெண்கள் பையைச் சோதிக்கிற செக்யூரிட்டி அக்கா டவலை விலக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கொயந்தைக்கா?"

"இல்லக்கா, எனக்குத்தான்."

"இதுக்கும் மஞ்சக்கோடு போட்டுக்கினு வந்துகீறியே! லைன்ல போட்டது பத்தலையா?" என்று சிரித்தார். பின்னால் பெரிய வரிசை. போ போ என்று கையை ஆட்டினார். அன்றைக்கு முன்னால் அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

உலோகச் சாமான் எதை உள்ளே கொண்டு வந்தாலும் கேட்டில் பதிந்துவிட்டு வர வேண்டும். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். விளையாட்டுச் சாமான்தானே என்று இரண்டு பேருமே விட்டுவிட்டோம்.

மதியம் வெளியே வரும்போது கேட்டில் ஆள் மாறியிருந்தது. டவலை விலக்கியதும் புதிதாக நின்ற பெண் யாரையோ கூப்பிட்டார். அடுத்த நிமிடம் நான் செக்யூரிட்டி ரூமில் இருந்தேன். மேஜை மேல் என் சேஸிஸ். கம்பெனி அலுமினியத்தில், கம்பெனி மெஷினில் நான் திருட்டுத்தனமாகச் செய்தது என்று செக்யூரிட்டி ஆபீசர் முடிவே கட்டிவிட்டார். கேமராவில் காலையில் பை தெரிந்தது. பைக்குள் இருந்தது எப்படித் தெரியும்?

காலையில் ஒரு அக்கா பார்த்தார் என்றேன். "பாத்திருந்தா என்ட்ரி போட்டிருப்பாங்க. என்ட்ரி இல்லன்னா நீ கொண்டு வரலன்னு அர்த்தம்" என்றார் ஆபீசர்.

கோபம் வந்தால் எனக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும். "என்ன சார் இப்படிப் பேசுதீங்க? நான் என்ன களவாணியா? உங்க ஆக்சில் என் பைக்குள்ள அடங்குமா?" என்று கத்திவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர் முகம் இறுகி, எச்.ஆருக்குப் போன் போட்டார். எங்கள் சூப்பர்வைசரும் வந்தார். நல்ல மனிதர், எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். சேஸிஸைக் கையில் எடுத்துத் திருப்பினார். அந்த மஞ்சள் கோடுகளைப் பார்த்தார். மேஜை மேல் திருப்பி வைத்துவிட்டு ஓர் எட்டு பின்னால் நகர்ந்துகொண்டார். இப்படிக் கோடு போடுவது எங்கள் லைன் பழக்கம்; வண்டியை லைனிலேயே செய்திருக்கிறேன் என்று அவரும் நினைத்துவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே கம்பெனி பஸ் நின்றது. உள்ளே இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகு பஸ்ஸும் கிளம்பிப் போய்விட்டது. எச்.ஆர். அதிகாரி வந்து, இனிமேல் வேலைக்கு வர வேண்டாம், திங்கட்கிழமை விசாரணைக்கு மட்டும் வா என்றார். ஆர்டர் போகட்டும், திருடி என்ற பெயரோடு நான் எப்படி ஊருக்குப் போவேன்? அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கதவு திறந்தது. காலையில் பையைப் பார்த்த அக்கா. யூனிஃபார்ம் இல்லை, புடவையில் இருந்தார். தோளில் பை, நெற்றியில் வியர்வை, மூச்சு வாங்கியது.

"சார், அது அந்தப் பொண்ணோடதுதான். காலைல உள்ள வரச்சொல்லவே நான் பாத்தேன். இந்த மஞ்சக்கோடு கூட அப்பவே கீது, நான் கிண்டல் பண்ணேன். பொம்மை வண்டிதானேன்னு என்ட்ரி போடாம வுட்டுட்டேன். தப்பு என்மேல சார்."

ஆபீசர் கோபமெல்லாம் அவர் மேல் திரும்பியது. என்ட்ரி இல்லாமல் எப்படி விட்டாய், இதற்குத்தான் சம்பளமா என்று எல்லோர் முன்னாலும் காய்ச்சி எடுத்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாரே தவிர, சொன்னதை மாற்றவில்லை. கடைசியில் எச்.ஆர். அதிகாரி, விசாரணை வேண்டாம், திங்கட்கிழமை வேலைக்கு வா என்று என்னிடம் பையை நீட்டினார். சூப்பர்வைசர் என்னைப் பார்க்க முடியாமல் மார்க்கர் எங்கே வாங்கினேன் என்று கேட்டார். நான் வெளியே வந்து தேடுவதற்குள் அந்த அக்கா போய்விட்டார்.

அடுத்த வாரம் என் ஆர்டர் வந்தது. அதே வாரம் அவரை எங்கள் கேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். செக்யூரிட்டி ஏஜென்சி அவரை மறைமலை நகர் பக்கம் ஒரு கிடங்குக்கு மாற்றிவிட்டதாம். அவர் வீடு குன்றத்தூர். இனி இரண்டு பஸ் மாற வேண்டும். கேள்விப்பட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரகடம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது அவரைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னாலதான உங்களுக்கு இந்த அலைச்சல்" என்று அழுதுவிட்டேன்.

"ஏய், ரோட்டுல நின்னு அயாத. எல்லாரும் பாக்குறாங்க" என்று அதட்டினார். பிறகு அவரே சொன்னார்: "அன்னைக்கு டூட்டி முடிஞ்சி ஆட்டோல ஏறிக் குந்திட்டேன். உன் லைன் பொண்ணுங்க ரெண்டு பேரு, பொம்மை வண்டி செஞ்சி ஒருத்தி மாட்டிக்கினான்னு பேசிக்கினே வந்துச்சுங்க. ஆட்டோ கெளம்பிடுச்சி. எனக்கு மனசு கேக்கல. எறங்கிட்டேன். போயிருந்தா சோறு துன்னசொல்ல உன் மூஞ்சி வந்து நிக்காது?"

ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டார். பெயரைக்கூட அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவரை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. வராமல் போயிருந்தால் கேட்கவும் ஆள் கிடையாது. அவருடைய வேலைக்கும் ஒரு சேதம் வந்திருக்காது. ஊர் பேர் தெரியாத ஒருத்திக்காக ஓடுகிற ஆட்டோவை நிறுத்தி இறங்கி, தன் தப்பைத் தானே சொல்லிக்கொள்ள அந்த வெயிலில் திரும்பி நடந்து வந்தாரே, நான் இன்றைக்கு நிமிர்ந்து வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அவர் எனக்குக் கொடுத்தது.