ஆமைக்கு ஒரு விலாசம்

பாரிஸின் மார்க்ஸ் டோர்மோயில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தின் கீழ்வாசலில், கடிதப் பெட்டிகளுக்கு மேலே, ஒரு நாள் அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தார்கள். பாம்பு, ஓணான், ஆமை முதலான வெளிநாட்டுப் பிராணிகளை இங்கே வைத்திருக்கக் கூடாது. தண்ணீர்க் குழாய் பார்க்க வருகிறவர்கள் அதையும் பார்ப்பார்கள். 'வெளிநாட்டு' என்ற சொல்லைக் கண்டதுமே என் கை பழக்கதோஷத்தில் சட்டைப்பைக்குள் கடவுச்சீட்டைத் தேடியது. இரண்டாம் மாடி ஏறும்போதுதான், பிரச்சினை எனக்கல்ல, எங்கள் குளியலறையில் இருக்கிறவருக்கு என்று விளங்கியது.

அவர் ஒரு நீர் ஆமை. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்ன் நதிக்கரைக் கடையொன்றில் வாங்கியது. அப்போது பிஸ்கட் அளவு. "இதற்கு மேல் வளராது" என்று கடைக்காரன் சொன்னதை நம்பினேன். இப்போது சோற்றுக்கோப்பை அளவு. மகள் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்திருந்தாள். நான் 'பெரியவர்' என்பேன். உயர்தரப் பள்ளி போகிற வயதிலும் அவள் வீட்டுக்கு வந்ததும் முதல் 'பொன்ஜூர்' அவருக்குத்தான். எனக்கு மிஞ்சினால் உண்டு.

"அதைப் பிராணிகள் காப்பகத்துக்குக் கொடுக்கமாட்டேன், பப்பா" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் தைரியமான அப்பாவாக நடித்திருப்பேன்.

அன்றிலிருந்து படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் தண்ணீர் சுத்திகரிக்கும் மோட்டாரைப் பிடுங்குவேன். ஆமை தொட்டியைப் பிராண்டினால் அதை மறைக்கக் குளியலறைக்குள் நின்று உரத்துப் பாடுவேன். மனைவி மூன்றாம் நாள் சொன்னாள்: "அந்த வாயில்லாச் சீவனாலை ஒரு கரைச்சலும் இல்லை. உங்கட பாட்டுக்குத்தான் ஆக்கள் வரப்போறாங்கள்."

லா ஷப்பலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையில் என்னோடு பெட்டி இறக்கும் அண்ணையிடம் புலம்பினேன். அவருக்கு நகருக்கு வெளியே, லெ பிளாங்-மெனிலில், தோட்டத்தோடு ஒரு சின்ன வீடு.

"எங்கட பக்கம் தனிவீடும் வளவும் இருந்தால் ஆமை வளர்க்க விடுறாங்கள்" என்றார். "மெரியில பதிய வேணும். ஓராள் வந்து இடம் பாக்கும். அவ்வளவுதான்."

மெரி என்றால் நகரசபை. அண்ணை 'பதிய வேணும்' என்ற உடனேயே எனக்கு மூளை திறந்தது. இந்த ஊருக்கு வந்த காலத்தில் எங்களில் யார் சொந்த விலாசத்தில் இருந்தோம்? படுக்கை ஓரிடம், கடிதம் வருவது வேறிடம். ஒரு கடிதப் பெட்டியில் ஏழெட்டுப் பெயர் ஒட்டியிருக்கும், உள்ளே குடியிருப்பது வேறு இருவராக இருக்கும். மனிசருக்குச் செய்ததை ஆமைக்குச் செய்தால் என்ன? அது என் குளியலறையிலேயே இருக்கட்டும், பதிவு மட்டும் அண்ணை வீட்டில். யாராவது கண்டுபிடித்தால், விருந்துக்கு வந்தது என்று பதிவுக் காகிதத்தைக் காட்டலாம்.

அண்ணையின் மனைவியை நான் அக்கா என்பேன். அவர் கேட்ட உடனே கையை உயர்த்திவிட்டார்.

"விலாசம் எண்டால் தாறன், தம்பி. ஆமை எண்டால் ஏலாது. ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு உமக்குத் தெரியாதே?"

"ஓம் அக்கா. கடிதம் மட்டும்தான் வரும். ஆள் வராது."

"உப்பிடித்தான் உம்மட மச்சானும் சொல்லிப்போட்டு ரெண்டு வருசம் எங்கட சோபாவிலை படுத்தவர்."

பதிவு நடந்தது. நானும் நிம்மதியாகப் பாடுவதை நிறுத்தினேன். ஆனால் நகரசபை மறக்கவில்லை. வந்து பார்க்கும் நாளை அறிவித்துவிட்டார்கள். ஆமை தன் வீட்டில் இல்லாவிட்டால் அது யாருடைய ஆமை என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் மார்க்ஸ் டோர்மோய் வரும். பிறகு காப்பகம். ஆகவே பெரியவர் தன் சொந்த விலாசத்துக்கு முதன்முறையாகப் பயணம் போக வேண்டியதாயிற்று.

கடைப் பையில் ஈரத்துணி விரித்து, அவரை வைத்து, மேலே வல்லாரைக் கட்டுகளை அடுக்கினேன். கார் து நோர் ரயில் நிலையத்தில் டிக்கெட் பார்க்கிறவர்கள் வரிசையாக நின்றார்கள். என்னிடம் மாதப் பயண அட்டை இருந்தது. சட்டைப்பையில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தது. கால் மட்டும் அகதி விண்ணப்பம் போட்ட காலத்துக்குத் திரும்பிப்போய் வெளிவாசல் பக்கம் நடக்கப் பார்த்தது. சரியாக அந்த நேரம் பார்த்து வல்லாரை அசைந்தது.

"உள்ளே என்ன, மெசியூ?"

"நண்டு" என்றேன். "உயிரோடு."

அவர் ஓர் அடி பின்வாங்கி, போகச் சொன்னார். கூட வந்த மகள் பத்தடி தள்ளி, என்னை யாரென்றே தெரியாதவள்போல நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் முதல்நாளே கடையிலிருந்து பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கி அண்ணையின் வளவில் வைத்திருந்தேன். தண்ணீர் ஊற்றி, கல் போட்டு, பெரியவரை இறக்கினோம். வேலிக்கு அடியில் பலகை அடித்தோம். நகரசபைப் பெண் படலையைத் திறந்தபோதுதான் தொட்டியில் விலைச்சீட்டு அப்படியே இருப்பதைக் கண்டேன். அதை மறைத்துக்கொண்டு காலை அகட்டி நின்றேன். அவர் எந்தப் பக்கம் போனாலும் நான் அசையவில்லை.

"தப்பி ஓடாதா?" என்று வேலியை உலுக்கிப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, "இது இங்கேதான் வசிக்கிறதா, மதாம்?" என்று கேட்டார்.

ஆமையை விரும்பாதவரிடம் அல்லவா கேட்டுவிட்டார். அக்கா தொட்டியைப் பார்த்தார், பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார்.

"உய்" என்று பிரெஞ்சிலேயே ஆமோதித்தார். "சரியான சோம்பேறி. எங்கட வீட்டுக்காரர் மாதிரி."

அந்தப் பெண் சிரித்துக் கையெழுத்திட்டார். போகும்போது, "இடையில் ஒருநாள் மறுபடி வருவேன். எப்போது என்று சொல்லமாட்டேன். குளிரில் என்ன செய்கிறீர்கள் என்றும் பார்ப்பேன்" என்றார். போகிற வழியில் என் காலடியையும் ஒருதரம் பார்த்தார்.

பெரியவரைத் திரும்பக் கொண்டுபோகப் பையைத் தூக்கிய மகள் அப்படியே நின்றாள். என்னை விட அவளுக்குத்தான் முதலில் விளங்கியது. எந்த நாளும் வரலாம் என்றால் ஒரு நாளும் இதை இங்கிருந்து எடுக்க முடியாது. நான் கொடுத்த பொய் விலாசத்தை நகரசபை உண்மையாக்கிவிட்டது. அவள் பையைக் கீழே வைத்தாள். நான் ஏதோ பகிடி விட்டேன். யாரும் சிரிக்கவில்லை, நானும்தான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் லெ பிளாங்-மெனில் போனோம். அக்கா படியிலே நின்றபடி, தொட்டியின் பக்கம் பார்க்காமலே, அது என்ன தின்றது, எந்த நேரம் வெயில் காய்ந்தது என்று சொல்வார். குளிர் வந்தது. தொட்டிக்கு மேல் துணி போட்டோம். பெரியவர் அடியில் அசையாமல் கிடந்தார். மகள் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஆமைகள் எவ்வளவு குளிர் தாங்கும் என்று கைபேசியில் தேடிக்கொண்டே வந்தாள்.

ஒரு காலை, நான் கடையில் கத்தரிக்காய் அடுக்கிக்கொண்டிருக்கையில் அக்கா தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, தொட்டித் தண்ணி மேலாலை கண்ணாடி மாதிரி இறுகிப்போச்சு. உம்மட ஆளை உள்ளுக்கு எடுத்திட்டன்."

"அக்கா, ஆமை புகுந்த வீடு…"

"வாசலாலை வந்தால்தானே புகுந்தது? நான் குசினி யன்னலாலை எடுத்தனான். விசர்க்கதை கதையாமல் வேலையைப் பாரும்."

அந்த ஞாயிறு மகள் முன்வாசலுக்குப் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சமையலறை யன்னலில் தட்டினாள். நான் படலையடியில் நின்று, நகரசபைப் பெண் வருகிறாரா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.